போகாத நாட்களின் கணக்கு: மட்டக்களப்பு வாவியில் ஒரு கூட்டுப் படகு

படகு வாங்கும் எண்ணத்தோடு என்னிடம் ஆலோசனை கேட்க வருகிறவர்கள் விலையைக் கேட்பார்கள், இயந்திரத்தின் குதிரை வலுவைக் கேட்பார்கள், பைபரின் தடிப்பைக் கேட்பார்கள். ஆண்டில் எத்தனை தடவை அதைக் கொண்டுபோவதாக உத்தேசம் என்று நான் திருப்பிக் கேட்டால், யோசிக்காமலே "ஒவ்வொரு கிழமையும்தான் சேர்" என்று விடை வரும். அந்த விடையைச் சற்று நிதானமாக ஆராய்வதற்காகவே இதை எழுதுகிறேன். எதை வாங்குவது, எங்கே கட்டுவது, தனியாக வாங்குவதா கூட்டாக வாங்குவதா என்ற கேள்விகளெல்லாம், வாங்கிய படகை உண்மையில் எவ்வளவு பயன்படுத்தப்போகிறோம் என்ற ஒரு கேள்வியைச் சுற்றியே நிற்கின்றன.

நாங்கள் நால்வர் கூட்டாக ஒரு பதினேழு அடிப் பைபர் படகை மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையிலுள்ள நொச்சிமுனையில், எங்களில் ஒருவருடைய வளவு வாவியைத் தொடும் இடத்தில் கட்டிவைத்திருக்கிறோம். அதற்கு 15 குதிரை வலுவுள்ள இரண்டு ஸ்ட்ரோக் வெளியிணைப்பு இயந்திரம் உண்டு. தொழிலுக்காகவோ ஆட்களை ஏற்றிக் காசு உழைப்பதற்காகவோ வாங்கியதன்று; காலையில் வாவியில் ஒரு சுற்று வர, தூண்டில் போட, வெளியூரிலிருந்து வரும் உறவினரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஏற்றிச்செல்ல வாங்கியது. கூட்டுச் சொத்து என்றால் கணக்கு வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. சாதாரண எண்பது பக்கக் கொப்பி ஒன்றில், யார் கொண்டுபோனார், எப்போது போய் எப்போது திரும்பினார், எவ்வளவு பெற்றோல் தீர்ந்தது, என்ன பழுது கண்டார் என்று நான்கு நிரல் கீறினேன். சில மாதங்களின் பின் ஐந்தாவது நிரல் ஒன்றையும் சேர்த்தேன். போவதாகத் தீர்மானித்திருந்தும் போகாமல் விட்ட நாட்களையும் அவற்றின் காரணத்தையும் எழுதுவதற்கு அது. மற்ற நான்கு நிரல்களும் சேர்ந்து சொல்லாததை அந்த ஒரு நிரல் சொல்லிற்று. படகு வைத்திருக்கும் எவரும் அதைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது என் முதலாவது பரிந்துரை.

பொழுதுபோக்குப் படகுகளை விற்பவர்களும் திருத்துபவர்களும் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு, ஆண்டுக்கு 50 முதல் 100 இயந்திர மணி என்பதாகும். ஓர் ஆண்டில் 8,760 மணித்தியாலம் இருக்கிறது. நூறு மணி ஓடும் படகு நன்றாகப் பயன்படும் படகு என்றே கொள்ளப்படுகிறது. அதுவும் ஆண்டின் நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிற அளவுதான். இயந்திரக் கையேடுகளில் பராமரிப்புக்கு உரிய காலம் '100 மணி அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது' என்று எழுதப்பட்டிருக்கும். சொந்தத் தேவைக்குப் படகு வைத்திருப்போரில் பெரும்பாலானோருக்கு முந்துவது ஓராண்டுதான். ஆகவே மணிக்கணக்கு ஆகவில்லையே என்று பராமரிப்பைத் தள்ளிப்போடுகிறவர், அந்த வாக்கியத்தின் முதற்பாதியை மட்டும் படித்தவராகிறார்.

நோர்வேயின் பேர்கன் நகரில் இருக்கும் என் மச்சான் ஒரு படகுக் கழகத்தின் மிதவைத் துறையில் தம் படகைக் கட்டி வைத்திருக்கிறார். ஐப்பசியில் கரையேற்றி, எண்ணெய் மாற்றி, குளிரில் உறைந்து இயந்திரத்தை வெடிக்கவைக்கக்கூடிய நீர் ஒரு துளியும் உள்ளே தங்காதபடி வடித்துவிட்டு, மறு வைகாசி வரை மூடிவைப்பார். நாடே விடுமுறை எடுக்கும் ஜூலை மாதத்தின் சில கிழமைகள்தாம் அவருடைய உண்மையான படகுக் காலம். அதிலும் பேர்கன் மழைக்குப் பேர்போன ஊர். அந்நாட்டில் 1980 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள், எட்டு மீற்றருக்கு மேற்பட்ட நீளமோ 25 குதிரை வலுவுக்கு மேற்பட்ட இயந்திரமோ உள்ள படகை ஓட்டுவதற்குப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற வேண்டும். அவருடைய மகன் அப்பரீட்சையில் சித்தியடைந்த கோடையில்தான் படகின் மணிக்கணக்கு முதன்முறையாகக் குறிப்பிடும்படி கூடியதாம். ஓட்டக்கூடியவர் ஒருவராய் இருந்தால் அவருடைய தலையிடி படகின் விடுமுறையாகிவிடும், இருவரானால் அப்படியில்லை. இங்கே விடுமுறையில் வந்தபோது அவர் சொன்னார்: "உங்களுக்கென்ன மச்சான், பனியுமில்லை, கரையேற்றுற பாடுமில்லை. வருசம் முழுக்க ஓடலாம்தானே." வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நம்முடைய வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒருபோதும் உறையாமல் கிடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கார்த்திகை பிறந்து வடகீழ்ப் பருவக்காற்றான வாடை தொடங்கியதும் கதை மாறுகிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட தலைமுறையினர், கார்த்திகையில் வானம் கறுத்தால் வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துக் கவிழ்த்துவிட்டே வேறு வேலை பார்ப்பார்கள். கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மாதங்களில் மழை வெள்ளம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து ஆறுகள், வாய்க்கால்கள் வழியே இறங்கும்போது மரக்கிளைகளும் ஆற்றுவாழைப் பட்டைகளும் கூடவே வரும். நீர் தேங்கித் தாழ்நிலங்கள் மூழ்கத் தொடங்கினால் வாவி கடலோடு சேரும் பாலமீன்மட்டு முகத்துவாரத்தின் மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டிய கையோடு நீர்மட்டம் இறங்கும். நேற்று மாலை மிதந்துகொண்டிருந்த படகு இன்று காலை சேற்றிலே குந்தியிருக்கும். அந்த நாட்களில் முகத்துவாரத்தை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் 15 குதிரை வலு ஒரு பொருட்டே அல்ல. முகத்துவாரத்தை அடுத்த வெளிச்சவீட்டுப் பக்கம் அந்தக் காலத்தில் போகவே கூடாது என்பது எங்கள் நால்வருக்கும் எழுதிவைத்த விதி.

மாசி தொடங்கிச் சித்திரை வரையிலும் வாவி கண்ணாடியாய் இருக்கும். பிறகு கச்சான். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் அந்தக் காய்ந்த சூட்டுக் காற்று, படுவான்கரையில் புறப்பட்டு வாவியின் அகலம் முழுவதையும் கடந்து எழுவான்கரையில் வந்து மோதுகிறது. ஆகவே கிழக்குக் கரையில் கட்டப்பட்டிருக்கும் எங்களைப் போன்றவர்களுடைய படகுகளுக்கே அலை அதிகம். அதே நேரத்தில் எதிர்க்கரையான வவுணதீவுப் பக்கம் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். காலை ஆறு மணிக்குப் போய் ஒன்பது மணிக்குள் திரும்பக்கூடியவருக்கு இந்த மாதங்களிலும் பல நாட்கள் கிடைக்கும். எட்டு மணிக்குத் தேநீர் குடித்துவிட்டுப் புறப்படலாம் என்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. கச்சானின் கடைசியில் நீர் வற்றி மணல் திட்டுகள் வெளியே தெரியும். புரட்டாதி, ஐப்பசியில் காலைப்பொழுது நன்றாக இருந்தாலும் பின்னேரம் இடியும் மின்னலும் வரும். திறந்த நீரில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருளாக இருப்பதை எவரும் விரும்பார். இவற்றையெல்லாம் கழித்து, ஒரு சாதாரண மனிதர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகக்கூடிய நாட்களாகப் பார்த்தால், பனியில்லாத எங்கள் ஆண்டும் ஐந்தாறு மாதமாகச் சுருங்கிவிடுகிறது. பேர்கனில் இருப்பவருக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

காற்றையும் மழையையும் எதிர்பார்த்தே எவரும் படகு வாங்குகிறார். ஐந்தாவது நிரலில் அவற்றைவிட அடிக்கடி வருவது மனிதக் காரணங்கள். எங்கள் நால்வரில் ஒருவர் வவுணதீவில் வயல் செய்பவர். வாவி மிகச் சிறப்பாக இருக்கும் மாசி, பங்குனிதான் அவருக்குப் பெரும்போக அறுவடைக் காலம். வெட்டு மெசின் எப்போது வரும் என்று காத்துக் கிடப்பவரைப் படகுக்குக் கூப்பிட முடியாது. வங்கியில் வேலை செய்யும் மற்றவருக்குச் சனி, ஞாயிறு மட்டுமே ஓய்வு. அந்த இரண்டு நாட்களும் பிள்ளைகளின் தனியார் வகுப்புக்குப் போய்விடுகின்றன. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கம், அதன்பின் மண்டூர், கொக்கட்டிச்சோலைத் திருவிழாக்கள். இடையிடையே கல்யாண வீடு, மரண வீடு. இவற்றில் எதையும் ஒருவர் படகுக்காகத் தவறவிடப் போவதில்லை, தவறவிடவும் கூடாது. ஆகையால் படகு வாங்கும் முன் ஒரு நாட்காட்டியை எடுத்து, காற்றுக்கான மாதங்களை ஒரு நிறத்திலும் தன் வீட்டுக் கடமைகளை இன்னொரு நிறத்திலும் தீட்டிவிட்டு, மிஞ்சும் வெள்ளைக் கட்டங்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. அந்த எண்ணிக்கையிலும் பாதியை எடுத்துக்கொண்டால் உண்மைக்கு அண்மையாக இருக்கும்.

பாதி என்று நான் சொல்வதற்குக் காரணம், புறப்படுவதற்கு முன்னும் திரும்பி வந்த பின்னும் கரையில் செலவாகும் நேரம். ஒரு சாதாரணக் காலைப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். முதல்நாள் மாலையே பெற்றோல் வாங்கி, லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் வீதம் எண்ணெய் கலந்து வைக்க வேண்டும். விடியுமுன் வந்தால் படகுக்குள் இரவு பெய்த மழை கணுக்கால் அளவுக்கு நிற்கும். அதை இறைக்க வேண்டும். காகமும் நீர்க்காகமும் இருக்கைப் பலகையில் விட்டுச்சென்றதைக் கழுவ வேண்டும். கழுவும்போதும் கரையில் குந்திக் கையை நீரில் விட்டுக்கொண்டிருப்பது புத்தியன்று. வாவியில் முதலை உண்டு, வாளியால் மொண்டு மேலே நின்று கழுவுவதே முறை. பிறகு கொட்டிலில் பூட்டி வைத்த, ஏறத்தாழ 40 கிலோ நிறையுள்ள இயந்திரத்தை இரண்டு பேர் தூக்கி வந்து பின்பலகையில் ஏற்றி இறுக்க வேண்டும். எரிபொருள் குழாயின் ரப்பர் உருண்டையை அது கெட்டியாகும் வரை அமுக்கி, மூச்சுக்கம்பியை இழுத்து, கயிற்றை இழுத்து, இயந்திரம் பிடித்ததும் பக்கவாட்டில் குளிர்நீர் தாரையாகப் பீச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். தாரை வராவிட்டால் அந்த நாள் அங்கேயே முடிந்தது. திரும்பி வந்த பின், உவர்நீர் ஓடிய குழாய்களுக்குள் நல்ல தண்ணீரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, இயந்திரத்தை மறுபடி கழற்றிக் கொட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றரை மணி நேரம் நீரில் போவதற்கு ஏறத்தாழ அதேயளவு நேரம் கரையில் கழிகிறது. தனியாக வருபவரால் இயந்திரத்தைத் தூக்க முடியாது; எனவே இரண்டாவது ஆள் எழும்பாத காலையெல்லாம் ஐந்தாவது நிரலுக்குப் போய்விடுகிறது.

இதைக் கண்டுகொண்டதும் நாங்கள் செய்த மாற்றங்கள் சிறியவை; ஆனால் கொப்பியில் அவற்றின் விளைவு தெளிவாகத் தெரிந்தது. மாசி முதல் சித்திரை வரை இயந்திரத்தைக் கழற்றுவதில்லை. சங்கிலியும் பூட்டும் போட்டுப் படகிலேயே விடுகிறோம். களவு பயம் இருக்கிறதுதான். வளவுக்காரரின் நாய் அந்தப் பொறுப்பில் பாதியை ஏற்றிருக்கிறது. உயிர்காப்பு அங்கிகள், இறைக்கும் சிரட்டை, மேலதிக ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் சாவி, நங்கூரக் கயிறு, டோர்ச், ஒரு சவள் (துடுப்பு) ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்தோம். சவளைத் தவிர மற்ற எல்லாம் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்கும். மழைநீர் நிரம்பாதபடி தறப்பாள் கட்டினோம். பொருள்களைத் தேடுவதில் போன நேரம் மிச்சமானதும், அரை மணி நேரத்துக்காவது ஒரு சுற்றுப் போய் வருவோம் என்று எண்ணும் காலைகள் கூடின. படகு வாங்கச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கரையிலே செலவழிப்பது, அதை இன்னும் பெரிய இயந்திரத்தில் செலவழிப்பதைவிடப் பலமடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

2022ஆம் ஆண்டு இந்தக் கருத்துக்கு எதிர்பாராத சான்று ஒன்றைத் தந்தது. ஆண்டு தொடங்கியபோது லீற்றர் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் மாத இறுதியில் 470 ரூபாயாயிற்று. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. நிரப்பு நிலையங்களின் முன் இரவும் பகலும் வரிசை நின்றது. பின்னர் வந்த கியூஆர் அட்டை முறையில் ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று தொடங்கினார்கள். எங்கள் இயந்திரம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். மண்ணெண்ணெய் இல்லாமல் தொழிலாளரின் வள்ளங்களே கட்டிக்கிடந்த காலத்தில், விளையாட்டுப் படகுக்கு எரிபொருள் தேடுவது எங்களில் எவருக்கும் சரியாகப் படவில்லை. ஆகவே பெரிய படகு கொட்டிலுக்குப் போயிற்று. வளவுக்காரரிடம் ஏற்கெனவே இருந்த, இருவர் மட்டும் போகக்கூடிய பழைய தோணி வெளியே வந்தது.

அந்தத் தோணிக்குப் பெற்றோல் வேண்டாம், இரண்டாவது ஆள் வேண்டாம், கழுவ வேண்டிய குழாயும் கிடையாது. வந்து, கயிற்றை அவிழ்த்து, சவளை எடுத்தால் புறப்பட்டாயிற்று. பணம் அருகியிருந்த அந்த ஆண்டில் கொப்பியிலே பயணங்களின் எண்ணிக்கை முந்திய ஆண்டுகளைவிடக் கூடியது; போன தூரம் மட்டுமே சுருங்கியது. முன்பு இயந்திரத்தின் இரைச்சலோடு கடந்துபோன கண்டல் ஓரங்களில் மெல்ல நுழைந்து, கொக்கு எந்தக் கிளையில் கூடு கட்டுகிறது என்று பார்க்கும் அளவுக்கு நேரம் கிடைத்தது. பௌர்ணமி இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, சவளின் அகன்ற முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து, இந்த வாவிக்குப் பேர்போன மீன் பாட்டுக் கேட்கிறதா என்று வந்த உறவினரெல்லாம் பார்த்தார்கள். சிலருக்குக் கேட்டது, சிலர் கேட்டதாகச் சொன்னார்கள். எப்படியானாலும் அதற்கு இயந்திரத்தை நிறுத்தத்தான் வேண்டும். எரிபொருள் மறுபடி கிடைக்கத் தொடங்கிய பிறகும் தோணி கொட்டிலுக்குத் திரும்பவில்லை. இன்றைக்கும் இரண்டில் அதிகம் நீரில் இருப்பது அதுதான்.

ஓடாமல் கிடக்கும் படகு தேயாது என்று எண்ணுவோர் பலர். இரண்டாங்கையாக விற்கும்போதும் 'குறைவாக ஓடியது' என்பதையே சிறப்பாகச் சொல்வார்கள். எங்கள் இயந்திரத்தைத் திருத்தும் கல்லடிப் பாஸ் இதற்கு நேர்மாறாகச் சொல்பவர்: "ஓடின எஞ்சினுக்கு என்ன வருத்தம் எண்டு தெரியும் சேர். கிடந்த எஞ்சினுக்குத் திறந்து பார்த்தாத்தான் தெரியும்." அவர் திறந்து காட்டியவற்றை இங்கே எழுதுவது பயன்படும். சில மாதங்கள் காபரேட்டருக்குள் தங்கிய பெற்றோல் ஆவியாகிப் போய், பிசினைப் போன்ற ஒரு படிவை மட்டும் விட்டுச் செல்கிறது. ஊசித்துளை அளவேயுள்ள ஜெட் அதனால் அடைபடுகிறது. இதற்கு மருந்து எளிது. கடைசி ஓட்டத்தின்போது எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளேயிருப்பது தீர்ந்து இயந்திரம் தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும். குளிர்நீரை இறைக்கும் இம்பெல்லர் என்ற ரப்பர்ச் சில்லு, நெடுநாள் அசையாமல் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் அந்த மடிப்பிலேயே இறுகிவிடுகிறது. அடுத்த முறை முடுக்கும்போது அதன் இதழ்கள் நிமிர மறுக்கும் அல்லது வெடித்துவிடும். தாரை வராத காலைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நல்ல தண்ணீர் ஓடவிடாமல் வைத்த இயந்திரத்தில் உப்புப் படிந்து குளிர்நீர் வழிகள் குறுகுகின்றன.

இன்னொன்று கிடப்பதால் வருவதன்று, நம் வாவியால் வருவது. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையின் அறுந்த துண்டுகள் எங்கும் மிதக்கின்றன. அவை சுழலி அச்சில் சுற்றிக்கொண்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. ஓட ஓட அந்த நைலோன் இழை உள்ளே ஏறி, கியர்ப் பெட்டியின் எண்ணெய் கசியாமல் காக்கும் வளையத்தை (ஒயில் சீல்) அறுத்துவிடும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஒருமுறை பாஸ் கியர்ப் பெட்டியின் அடித்திருகைக் கழற்றியபோது, தேன் நிறத்தில் வடிய வேண்டிய எண்ணெய் பால்தேநீரைப் போல வடிந்தது. அந்த நிலையில் இன்னும் சில மாதங்கள் அப்படியே கிடந்திருந்தால் உள்ளேயிருக்கும் பெயாரிங்குகள் துருவேறிப் பெட்டியையே மாற்ற வேண்டி வந்திருக்கும் என்றார். நாள்தோறும் ஓட்டும் தொழிலாளர் இதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எப்போதாவது ஓட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் காது கிடையாது. ஆகவே சுழலியை அவ்வப்போது கழற்றி அச்சைப் பார்ப்பதையும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் கியர் எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பதையும் நாட்குறித்துச் செய்ய வேண்டும். இது மணிக்கணக்கைப் பார்த்துச் செய்கிற வேலையன்று.

குறைந்த பயன்பாடு இயந்திரத்தைப் போலவே ஓட்டுபவரையும் பழுதாக்குகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் மணல் திட்டுகள் இடம் மாறுகின்றன, இறால் கூடுகளும் கட்டுவலைகளும் வேறு இடங்களில் முளைக்கின்றன. ஆண்டுக்கு நாலைந்து தடவை மட்டும் போகிறவருக்கு வாவி ஒவ்வொரு தடவையும் புதிய வாவி. வலை கட்டியவர்களுடைய பிழைப்பு அதில் இருக்கிறது என்பதால், கம்பு நட்டிருக்கும் இடங்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்துச் சுற்றிப்போவது நம் கடமையும் ஆகும். பருவத்தின் முதற்பயணத்தை விருந்தினர் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், அரை வேகத்தில் போவது என்று நாங்கள் வைத்திருக்கிறோம்.

அம்பாறை மாவட்டத்தின் பொத்துவில் களப்பில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சவளால் வலித்துச் செல்லும் மீனவர்களைப் பார்த்தவர்களுக்கு, பயன்படும் படகு எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்கும். அறுகம்பேயில் அலைச்சறுக்குக் காலம் நடக்கும் மாதங்களில் அந்தத் தோணிகள் காலையும் மாலையும் களப்பில்தான். இங்கினியாகலையில், சேனாநாயக்க சமுத்திரத்தின் தீவுகளுக்கிடையே யானை நீந்துவதைக் காட்டப்போகும் படகுகளும் அப்படியே. பளபளப்பு ஒன்றும் இல்லை, இருக்கை வெறும் பலகை. ஆனால் எந்தக் கயிறு எங்கே கிடக்கிறது என்று இருட்டிலும் கைக்குத் தெரியும். வேலைக்கான படகு ஒரு கிழமையில் ஓடும் நேரத்தைச் சொந்தப் படகு ஒரு பருவத்தில்தான் எட்டும். இதை அறிந்தபின், ஆண்டில் நாலைந்து முறை மட்டும் நீரில் இருக்க விரும்புபவருக்கு நான் வாங்கச் சொல்வதேயில்லை; கூலிக்கு ஒரு படகையும் அதை ஓட்டத் தெரிந்தவரையும் அமர்த்திக்கொள்ளுங்கள், உங்களுக்கும் நல்லது, ஒரு குடும்பத்துக்கும் வருமானம் என்பேன்.

காசுக் கணக்கும் அதையே சொல்லும். இயந்திரப் பராமரிப்பு, வர்ணம், கயிறு, தறப்பாள் என்று ஒரு படகுக்கு ஆண்டுக்கு 120,000 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் ஒரு முறை போகிறவருக்கு ஒரு பயணம், பெற்றோல் ஒரு துளி ஊற்றுவதற்கு முன்பே, 10,000 ரூபாய். நாற்பது முறை போகிறவருக்கு அது 3,000 ரூபாய்தான். செலவு ஏறத்தாழ மாறாதது. மாறுவது அதை வகுக்கும் எண்.

அந்த எண்ணைக் கூட்டுவதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி கூட்டுடைமை. ஆனால் அதற்கு எழுத்தில் ஒழுங்கு வேண்டும். நால்வர் சமமாகப் பிரித்துக் கட்டினால், குறைவாகப் போகிறவர் மற்றவருடைய பொழுதுபோக்குக்குத் தாம் காசு கொடுப்பதாக உணர்வார். ஓடிய மணிக்கேற்ப மட்டும் பிரித்தால், காசைப் பார்த்து எல்லோரும் இன்னும் குறைவாகப் போவார்கள். நாங்கள் பராமரிப்புச் செலவின் பாதியைச் சமமாகவும் மறுபாதியைக் கொப்பியில் உள்ள மணிக்கணக்குப்படியும் பிரிக்கிறோம். எரிபொருள் போகிறவருடையது, தாங்கியை நிரப்பிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களும் பாடசாலை விடுமுறைகளும் எல்லோருக்கும் வேண்டியவை என்பதால் அவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே சீட்டுப் போட்டுப் பிரித்துவிடுகிறோம். பழுது கண்டவர் அதே நாளில் நான்காம் நிரலில் எழுத வேண்டும். எழுதாமல் விட்ட பழுதுக்கு அடுத்து ஓட்டுபவர் பொறுப்பல்லர். இத்தனை சட்டம் எதற்கு என்று எங்கள் வயற்காரர் முதலில் சிரித்தார். இப்போது கொப்பியை முதலில் புரட்டிப் பார்ப்பவர் அவரே.

புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொல்ல இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை வரப்போகும் பத்துப் பேருக்காகப் பெரிய படகு வாங்க வேண்டாம். அடிக்கடி போகப்போகும் இருவருக்கோ மூவருக்கோ ஏற்றதை வாங்கி, அந்த ஒரு நாளைக்குக் கூலிப்படகு பிடியுங்கள். படகு கட்டும் இடம் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்களில் புளியந்தீவில் இருந்து வருகிறவருக்கும் அதே வளவில் குடியிருப்பவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கொப்பியில் கண்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பதிவு, அனுமதி ஆகியவற்றைப் பற்றி விற்பவரின் வாய்வார்த்தையை நம்பாமல், காசு கைமாறும் முன்பே கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

கடந்த வாடைக்கு முன்பு, எங்கள் வளவுக்கு அடுத்த வீட்டிலிருக்கும் மீனவத் தம்பி ஒருவரோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். நாங்கள் எவரும் படகைத் தொடாத கிழமைகளில், வானம் வெளித்த ஒரு காலையில் அவர் இயந்திரத்தைப் பூட்டி அரை மணி நேரம் ஓட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காபரேட்டரைக் காயவிட்டு வைக்க வேண்டும். அதற்குக் கூலி உண்டு. கச்சான் மாதங்களில் எங்களுக்குத் தேவைப்படாத நாட்களில் படகைத் தம் வலைக்கு அவர் கொண்டுபோகலாம். பெற்றோலும், தங்கூசி சிக்கினால் அதை எடுக்கும் வேலையும் அவருடையவை. ஐந்தாவது நிரலில் முன்பு வெறும் காரணங்களாகக் கிடந்த கிழமைகளில் இப்போது அவருடைய கையெழுத்து இருக்கிறது. இந்தக் கணக்குப்படி பார்த்தால், எங்கள் படகை இவ்வாண்டு அதிகம் ஓட்டியவர் அதன் சொந்தக்காரர் நால்வரில் ஒருவர் அல்லர்.